படியில் நின்றவர்கள்

— உள்ள வாக்கா. எத்தன தடவ கூப்பிடறது? ஹனூர்ல இருந்து மைசூர் வரைக்கும் பஸ்ஸு ஏறி வந்தவளுக்கு இந்த ஒரு வாசப்படி தாண்ட முடியலியா?

— இருக்கட்டும் சாமி. இங்கயே காத்து நல்லா வருது. நீ ஊதுபத்தி உருட்டறத உருட்டு, நான் பாத்துட்டு நிக்கறேன்.

— பத்தி எங்கயும் ஓடிப் போகாது. இந்தா, தண்ணியாவது குடி.

— வேண்டாங் கண்ணு.

— வெயில்ல வந்திருக்க. ஒதடெல்லாம் காஞ்சு கெடக்கு.

— வேண்டான்னா வுட்ரு பாப்பு.

— ம். ஹோக்லி, போகட்டும் விடு. என் டம்ளர்ல நீ குடிக்க மாட்ட. புரியுது.

— அடக் கடவுளே! அப்படியெல்லாம் இல்ல சாமி.

— வேற எப்படி? செந்தில் மச்சான் வேப்ப மரத்தடியில நிக்கறாரு பாரு. ஒரு மஞ்சப் பைய மாரோட கட்டிப் புடிச்சுக்கிட்டு. நான் கைய ஆட்டினா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. முந்தியெல்லாம் தெரு முனையிலயே "எங்க என்ற கொழுந்தியா"ன்னு கத்திக்கிட்டு வர்ற மனுசன்.

— அவருக்குக் கூச்சம். அஞ்சு வருசம் ஆச்சல்ல? கொழுந்தியான்னு கூப்பிட்டிட்டு இருந்தாரு. நடுவுல அப்பா வந்து, இனிமே அது உனக்கு மச்சினன்னாரு. இப்ப எதச் சொல்றதுன்னு அவருக்கே தெரியல, பாவம்.

— பாப்புன்னு சொல்லச் சொல்லு. பொறந்தப்ப வெச்ச பாப்பம்மாளும் வேண்டா, ஒண்ணும் வேண்டா. இங்க மல்லம்மா அப்படித்தான் கூப்பிடறாங்க.

— அது யாரு மல்லம்மா?

— எங்க பத்தி ஷெட்டு ஓனரம்மா. இந்த ரூமும் அவங்களோடதுதான்.

— உன்னையப் பத்தி அவங்களுக்குத் தெரியுமா?

— மொத நாளே ஒண்ணுதான் கேட்டாங்க. இங்க பத்தி உருட்டறது பூராப் பொம்பளைங்க. சென்டுல முக்கறது, பெட்டி தூக்கறது ஆம்பளைங்க. "நீ எந்தப் பக்கம்?"ன்னாங்க. ரெண்டு பக்கமும் செய்யறேம்மான்னேன். "செய்யி, யாரு வேண்டான்னாங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதோட சரி. அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல.

— நல்லவங்களாட்ட இருக்குது.

— சரிக்கா, நீ எதுக்கு வந்த? அதச் சொல்லு.

— அப்பாவப் பத்திப் பேசோணும்.

— தெரியும். மகளா வரச் சொல்றாரா, மகனா வரச் சொல்றாரா?

— பாப்பு...

— இல்லக்கா, அது தெரிஞ்சாத்தான் மேல பேச முடியும்.

— அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு வெளங்கோணும். கோவிச்சுக்காத. நீ முடியக் கத்திரிச்சுக்கிட்டு, பேண்ட்டு சட்ட போட்டுட்டு வந்து நின்னப்ப, அப்பா வெளக்குமாத்தால அடிச்சாரு. தப்புத்தான். ஆனா அப்பறம் ஆறு மாசம் சோறு எறங்காமக் கெடந்தாரல்ல? கெடந்து எந்திரிச்சு அவரேதான உன்னைய மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிட்டுப் போனாரு? மொட்டையடிச்சு, வேட்டி வாங்கி, ஜடையன்னு பேரு வெச்சு, பங்காளிக அத்தன பேரு முன்னால "இது என்ற மகன், எனக்குக் கொள்ளி இதுதான் வெக்கும்"ன்னு சொன்னாரல்ல? எந்தத் தகப்பன் அவ்வளவு தூரம் எறங்கி வருவான்? அதையும் வேண்டான்னு தள்ளிப்போட்டுப் போனியே. ஏன் சாமி?

— ஏன்னா, நான் மகன் இல்லக்கா.

— அப்ப மகதானே?

— அதுவும் இல்ல.

— ரெண்டும் இல்லீன்னா எப்படி? எனக்குத் தல சுத்துது.

— எனக்கும் சுத்திச்சு. உனக்காவது இன்னிக்கு ஒரு நாளுதான். எனக்குப் பத்து வயசுல இருந்து சுத்துது.

— நீ பெங்களூர்ல, சேல கட்டிட்டுக் கைதட்டிட்டு வருவாங்களே, அவங்க கூட்டத்துல சேந்துட்டன்னு ஊருக்குள்ள பேச்சு.

— அவங்க வீட்டுக்கும் போனேன். மொத மாசம், போக எடம் இல்லாம. நல்லாத்தான் சோறு போட்டாங்க. "நாங்க ஆம்பளையாப் பொறந்து பொம்பளையா இருக்கோம். நீ பொம்பளையாப் பொறந்து ஆம்பளையா இருக்கப் போறியா?"ன்னு கேட்டாங்க. இல்லீங்கன்னேன். அங்க இருந்த ஒரு வயசானவங்க, "அப்ப எங்களுக்கே நீ புதுசு"ன்னு சொல்லி அப்படிச் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு எனக்குன்னு தனியா ஒரு பாயும் விரிச்சுக் குடுத்தாங்க.

— நீயா எப்பத்தான் நல்லா இருந்த? அதயாவது சொல்லு. நான் புரிஞ்சுக்கப் பாக்கறேன்.

— சொன்னா நம்புவியா? மலையில, அந்த மொட்டையடிச்ச அன்னிக்குத்தான்.

— அப்பா கூட்டிட்டுப் போனாரே, அன்னிக்கா?

— அதே நாள்தான். முடி எறக்கிட்டு அந்தரகங்கைக் கொளத்துல முழுகி எந்திரிச்சேன். சுத்திப் பாத்தா ஆம்பளை, பொம்பளை, கொழந்தைங்க எல்லாருக்கும் மொட்டை. எல்லாரு மண்டையிலயும் சந்தனம். ஒருத்தராவது என்னைய ரெண்டாவது தடவ திரும்பிப் பாக்கணுமே! இல்ல. ஒரு அரை மணி நேரம் இருக்கும்க்கா. ஒடம்பு அவ்வளவு லேசா இருந்துச்சு. அதுக்குள்ள அப்பா கரையில நின்னு வேட்டிய நீட்டினாரு.

— அவரு ஆசையா நீட்டினாரு.

— அதாங்க்கா கஷ்டம். கோவமா நீட்டியிருந்தா அப்பவே தூக்கி எறிஞ்சிருப்பேன். அவ்வளவு ஆசையா நீட்டினாரு.

— அங்கயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?

— பஸ்ஸுல வரும்போது சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள செக்போஸ்ட் வந்துருச்சு.

— ஆமா, போலீசு நிறுத்தினாங்கன்னு அப்பா சொன்னாரு. சந்தனக்கட்ட கடத்தறவங்களத் தேடறோம்னு அந்தக் காட்டு ரோட்டுல அப்பெல்லாம் எந்த பஸ்ஸ விட்டாங்க?

— "ஆம்பளைங்க எல்லாரும் கீழ எறங்குங்க, பொம்பளைங்க சீட்டுலயே இருங்க"ன்னான். அப்பா எறங்கிட்டு, "வாடா ஜடையா"ன்னாரு. நானும் எந்திரிச்சேன், படி வரைக்கும் வந்தேன். அங்கிருந்து கால் எறங்கல. திரும்பிப் போயி உக்காரவும் மனசில்ல. படியிலயே நின்னுட்டேன். போலீஸ்காரன் ரெண்டு தடவ கத்தினான், அப்பறம் லத்திய ஓங்கினான். அப்பா குறுக்க வந்தாரு. அடி அவரு தோளுல விழுந்துச்சு.

— அந்தத் தோளு கடைசி வரைக்கும் அவருக்கு நோவுதான்.

— கடைசி வரைக்குமா?

— இப்ப வரைக்குங்கறேன். நீ மேல சொல்லு.

— பஸ்ஸு கெளம்பறதுக்கு முந்தி, அந்த ரோட்டுலயே வெச்சுக் கேட்டாரு. "மக வேண்டான்ன, சரின்னு வுட்டேன். மகனும் வேண்டான்னா, நீ எனக்கு யாரு?"ன்னு. மறுநாளே கெளம்பிட்டேன். இந்த அஞ்சு வருசமும் கை பத்திய உருட்டுது, மனசு அதையேதான் உருட்டிக்கிட்டு இருக்கு.

— நீ மட்டுந்தான் உருட்டினயா? திங்கக்கிழமையானா சந்தைக்குப் போறேன்னு கெளம்பிருவாரு. காய் வாங்க மாட்டாரு, ஒண்ணும் வாங்க மாட்டாரு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்திருப்பாரு. மைசூரு பஸ்ஸு வந்தா எந்திரிச்சுப் போயி, எறங்கற ஆளுகள ஒவ்வொருத்தராப் பாப்பாரு. கடைசி ஆளு எறங்கற வரைக்கும் பாப்பாரு.

— அப்ப அந்த பஸ்ஸுலயே ஏறி வந்திருக்கலாமே! அது திரும்பி இங்கதான வருது?

— நானும் கேட்டேன். "என்னன்னு கூப்பிட்டுக் கதவத் தட்டுவேன் வடிவு?"ன்னாரு.

— பாப்புன்னு தட்டியிருந்தாப் போதுமேக்கா! சின்னதுல அப்படித்தான கூப்பிட்டாரு? நான் ஓடி வந்து காலக் கட்டிப் புடிச்சிருப்பேன். அதச் செய்யல. இப்ப உன்னைய அனுப்பறாரு. நீ வந்து வாசல்லயே நிக்கற. என் தண்ணி வேண்டாங்கற. மச்சான் நான் கண்ணுல படக் கூடாதுன்னு மரத்துக்குப் பின்னால நிக்கறாரு. இப்படித் தள்ளி வெச்சுக்கிட்டு என்னைய வீட்டுக்குக் கூப்பிட்டா நான் எப்படி வருவேன்? போக்கா. அவருக்கு வேணும்னா அவரே வரட்டும்.

— வந்திருக்காரு.

— யாரு?

— அப்பாதான். வந்திருக்காரு சாமி.

— எங்க? பஸ் ஸ்டாண்டுலயா உக்கார வெச்சுட்டு வந்த? அந்த மனுசனுக்கு ஒரு ஆட்டோ புடிக்கத் தெரியாதாக்கா? இரு, செருப்பப் போட்டுக்கறேன்...

— பாப்பு. நில்லு. மச்சான் கையில இருக்காரு. அந்த மஞ்சப் பையில.

— அந்தப் பையிலயா?

— அதனாலதான் நான் படி தாண்டல. இதக் கொண்டுக்கிட்டு ஒருத்தரு வீட்டுக்குள்ள போகக் கூடாது, ஒரு வாய் தண்ணி வாங்கக் கூடாது. ஆத்துல வுட்டுத் தலைக்கு ஊத்தற வரைக்கும் அப்படித்தான். உன்ற டம்ளருல குடிக்க எனக்கு என்ன சாமி அருவருப்பு? நீ கடிச்சு வெச்ச மிச்சத்தத் தின்னு உன்னைய இடுப்புல தூக்கி வளத்தவ நான்.

— எப்பக்கா?

— திங்கக்கிழமை விடியால. ஒரு மாசமா நெஞ்சுல சளி. வந்து உன்னையக் கூட்டிட்டு வாரேன்னு எத்தனையோ தடவ சொன்னேன். "நீ போக வேண்டா, நான் எந்திரிச்சு நடமாடினதும் நானே போறேன்"ன்னு தடுத்துப்போட்டாரு.

— அப்பறம்? செத்ததுக்கு அப்பறமாவது? எங்க ஷெட்டு போன் நம்பர் உன்கிட்ட இருந்துச்சே!

— போன் பண்ணத்தான் கெளம்பினேன். பங்காளிக மறிச்சாங்க. மகன்னு சொல்லிக் கூப்பிட்டா வந்து கொள்ளி வெக்கோணும். மகன்னு இல்லாட்டி பொம்பளைகளோட வீட்டோட நிக்கோணும், சுடுகாட்டுக்கு வரக் கூடாது. எதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்கன்னு வாசல்லயே சண்ட. நீ எங்க நிக்கறதுன்னு அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள வெயில் ஏறிருச்சு, எடுத்துட்டாங்க. பெரியப்பா மகன் சென்னிமலை கொள்ளி வெச்சான். நேத்துத்தான் எலும்பு பொறுக்கினோம். நான் அவங்களத் தள்ளிட்டுப் போயிருக்கோணும். போகல. என்னைய மன்னிச்சுரு சாமி.

— நம்ம ஊருல எல்லாரையும் கொள்ளேகாலத்துக்கிட்டயே காவேரியில வுட்டுருவாங்களே. இவர மட்டும் எதுக்குக்கா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்த?

— ஸ்ரீரங்கப்பட்டணத்துலதான் வுடோணும்னு கடைசி ராத்திரி அவரே சொல்லிட்டுப் போனாரு. அங்க போறதுன்னா மைசூரு வழியாத்தான போகோணும், உன்ற வாசலுக்கு வரலாம்னாரு. சென்னிமலை சும்மா இருக்க மாட்டாம, "அப்ப யாரு கையால வுடறது, மகனா மகளா?"ன்னு அவருகிட்டயே கேட்டான். அப்பா கண்ணக் கூடத் தொறக்கல. "கொள்ளிக்குத்தான்டா மகன் வேணும். தண்ணியில வுடறதுக்கு நான் பெத்ததா இருந்தாப் போதும். என்னையப் பாப்பு கையில குடுத்துருங்க"ன்னாரு.