அளக்கச் சொல்லாத வினாத்தாள்

மேசைமணியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டே தலைமை தாங்கும் தலைமையாசிரியை அவர்களே! என் தவறுகளையெல்லாம் அறிந்தும் என்னோடு தேநீர் அருந்தும் ஆசிரியப் பெருமக்களே! பெரியோர்களே! வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

பெருமையோடு நிற்கிறேன். அந்தப் பெருமையைத் தந்தவர் மூன்றாம் வரிசையில், கழுத்தில் அளவு நாடாவோடு அமர்ந்திருக்கிறார். ஆம், நம் தையற்காரம்மாதான்!

பாடம் தொடங்குமுன் அதன் நோக்கத்தைக் கரும்பலகையின் மூலையில் எழுதுவது எங்கள் பள்ளி வழக்கம். 'நீளத்தைச் சரியாக அளப்போம்' என்று எழுதினேன். ஒரு வாரம் அளந்தோம். மேசையை அளந்தோம், கதவை அளந்தோம், கடைசி பெஞ்சில் தூங்கியவனின் காலையும் அளந்தோம்!

ஆண்டுத் தேர்வு வந்தது. அளக்கச் சொன்னேனா? இல்லை! சென்ற ஆண்டு வினாத்தாளில் தேதியை மட்டும் மாற்றினேன். 'நீளம் என்றால் என்ன? அளவைகளின் வரலாற்றை எழுதுக.' சிரிக்கிறீர்களா, பின்வரிசை ஐயா? நன்றாகச் சிரியுங்கள், எனக்கு அது வேண்டியதுதான்.

வரலாற்றை மனப்பாடம் செய்தவர்கள் தேறினார்கள்; தையற்காரம்மாவின் மகள் தோற்றாள். அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. மறுநாள் ஒரு கையில் நோட்டும் மறு கையில் விடைத்தாளுமாக அம்மா வந்தார்.

"டீச்சர், அளக்கணும்னு நீங்கதானே எழுதிப் போட்டீங்க?"

"ஆமாம்மா."

"அப்புறம் பரீட்சையில ஏன் அளக்கச் சொல்லல? சட்டை தைக்கச் சொல்லிக் குடுத்துட்டு, ஊசிய யாரு கண்டுபிடிச்சான்னு கேட்டா புள்ள என்ன பண்ணும்?"

வெட்கமாக இருந்தது. நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

"நாப்பது பேருக்கும் திரும்பப் பரீட்சை வைப்பீங்களா?" என்றார்.

"வைக்கிறேன் மேடம்."

பள்ளியின் அளவு நாடாவைக் கொடுத்துக் கரும்பலகையை அளக்கச் சொன்னேன். முப்பத்தொன்பது பேர் எழுதியது இருநூற்று நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். தையற்காரம்மாவின் மகள் மட்டும் இருநூற்று நாற்பது!

"ஏம்மா குறையுது?"

"டேப்போட முனை கிழிஞ்சிருக்கு டீச்சர். மூணுலேர்ந்துதான் ஆரம்பிக்குது. அந்த மூணக் கழிச்சுட்டேன்."

நானே அதைக் கவனிக்கவில்லை! அவள் அடுத்த வகுப்புக்குப் போனாள். மற்றவர்களை நான் தோற்கடித்தேனா? இல்லை. எதைச் சொல்லித்தர மறந்தேன் என்று அந்த முப்பத்தொன்பது தாள்களும் எனக்குச் சொல்லின. மறுவாரம் மறுபடி கற்பித்தேன்; மறுபடி அளந்தார்கள்; அத்தனை பேரும் சரியாக அளந்தார்கள்!

இன்று எங்கள் பள்ளியில், கரும்பலகை மூலையில் எழுதாத எதுவும் வினாத்தாளில் ஏறுவதில்லை. கற்பித்ததைக் கேட்கிறோம், கேட்பதைக் கற்பிக்கிறோம்! இதைவிட எங்களுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

இதோ, இந்த மேடையின் முன் தொங்கும் துணியைப் பாருங்கள். மகள் அளந்தாள், தாய் தைத்தார். ஒரு விரலளவு கூடவுமில்லை, குறையவுமில்லை!

மணி அடித்துவிட்டார்கள், முடித்துவிடுகிறேன். அம்மா, அன்று உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமலே தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டேன். இன்று ஊரறியச் சொல்கிறேன்: தோற்றது உங்கள் மகள் அல்ல, நான் வைத்த தேர்வு! பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கு என் முதல் வணக்கம்!