சிவப்பு நாடா ஒட்டிய ட்ரைவ்

பழைய டிஸ்க் வாசிக்கப் பெரிய அறிவு ஒன்றும் தேவையில்லை, சேர். பொறுமை வேண்டும், கம்பியூட்டரில் விண்டோசுக்குப் பதில் லினக்ஸ் வேண்டும். மட்டக்களப்பில் இரண்டும் சேர்ந்து இருக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று சனம் சொல்லும். சொல்ல மறந்தால் நானே நினைவூட்டுவேன்.

பெயர் ஜெயந்தன், வயது ஐம்பத்தேழு. புளியந்தீவில் கம்பியூட்டர் திருத்தும் கடை, நாவற்குடாவில் வீடு. மனைவி வதனி, மகள் தனுஷியா. மகள் என்று வாக்குமூலத்தில் எழுதலாமா என்று பேனையைத் தூக்கிக்கொண்டு யோசிக்கிறீர்கள். இப்போதைக்கு எழுதுங்கள்.

போன ஆவணியில் அழகரத்தினம் அண்ணன் கடைக்கு வந்தார். நாவலடிக்காரர், மீன்பிடித் தொழில். கையில் மருந்துப் பை, அதற்குள் ஒரு ஸிப் டிஸ்க். பென் ட்ரைவ் வருவதற்கு முன் பாவித்த சாமான், உள்ளங்கையளவு சதுரம். ஊரில் மூன்று கடைகளில் காட்டியிருக்கிறார். மூன்றும் பெரிய கடைகள், வாசலில் ஏசி. ஒரு இஞ்சினியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன, கசெட்டா?" என்று கேட்டாராம். படித்த பிள்ளை, குறை சொல்லக்கூடாது.

"சுனாமியில மனுசியும் போயிட்டா, ரெண்டு வயசுப் புள்ளயும் போயிட்டு தம்பி," என்றார். "மனுசிட உடம்ப எடுத்தம். புள்ளய எடுக்கல்ல. படம் ஒண்டும் மிச்சமில்ல. மச்சான் கனடாவில பெட்டிக்குள்ள கிடந்ததெண்டு இத அனுப்பினவன். புள்ளட முகம் இப்ப மறந்து மறந்து போகுது. ஒருக்காப் பாத்தாக் காணும்."

வைத்துவிட்டுப் போங்கள், வியாழக்கிழமை வாருங்கள் என்றேன்.

என்னிடம் இரண்டு ஸிப் ட்ரைவ்கள் இருக்கின்றன. ஒன்று நல்லது. மற்றது ஒருமுறை மேசையிலிருந்து விழுந்து உள்ளே வாசிக்கும் ஊசி வளைந்தது. அதற்குள் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் கிளிக் கிளிக் என்று சத்தம் போட்டு, அதைச் சுரண்டித் தின்றுவிடும். பிறகு எந்த மெசினிலும் அந்த டிஸ்க் எழும்பாது. தவறி யாரும் பாவிக்கக்கூடாது என்று அதற்குச் சிவப்பு நாடா ஒட்டி வைத்திருந்தேன். தொழிலில் நான் அவ்வளவு கவனம்.

நல்ல ட்ரைவில் போட்டேன். இந்த டிஸ்க்குகளில் விசயம் முழுக்க நாலாவது பகுதியில் இருக்கும். தெரியாதவர்கள் முதலாவதைத் தேடிப் பார்த்துவிட்டு, பழுது என்று கையை விரிப்பார்கள். நாலாவதைத் திற என்று ஒரு வரி எழுதினேன், திறந்தது. வழக்கப்படி முதலில் முழு டிஸ்க்குக்கும் பிரதி எடுத்தேன். பிரதி எடுக்காமல் நான் எந்த டிஸ்க்கிலும் கை வைப்பதில்லை. பிறகு படங்களைப் பார்த்தேன்.

நாற்பத்தொரு படங்கள். பிறந்தநாள் கேக், தாயின் இடுப்பில் ஒன்று, வள்ளத்துக்குள் அழுதுகொண்டு ஒன்று. எல்லாவற்றிலும் தனுஷியா.

மச்சமா, தழும்பா என்று கேட்கிறீர்கள். இரண்டு வயதில் வீட்டுக்கு வந்து, முதல் மாதம் முழுக்க என் தோளிலேயே தூங்கின பிள்ளை, சேர். அடையாளம் தேவைப்படவில்லை.

நிதானமாக யோசித்தேன். மனிசனுக்கு முகம் மறந்து போகிறது என்று அவரே சொல்கிறார். இருபது வருடம் பாடுபட்டு மறந்துகொண்டு வருகிறவரைப் பிடித்து நினைவூட்டுவது நல்ல மனிதர் செய்கிற வேலையா? தனுஷியா வருமுன் வதனிக்கு ஒன்பது வருடம் பிள்ளையில்லை. தனுஷியாவுக்கு வங்கியில் வேலை, தை மாதம் கல்யாணம். நாலு பேரின் நிம்மதி ஒரு பக்கம், ஒரு பிளாஸ்டிக் சதுரம் மறுபக்கம். இதையெல்லாம் மற்றவர்களுக்காகத்தான் யோசித்தேன். என்னைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

வியாழக்கிழமை அவர் வந்து பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். வெள்ளைச் சேர்ட், தலை வாரியிருந்தார். படம் பார்க்க வந்தவர்தானே. அவருக்கு முன்னாலேயே டிஸ்க்கை எடுத்துச் சிவப்பு நாடா ட்ரைவில் போட்டேன். ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை, இதை அப்படியே எழுதவேண்டும். எங்கள் லினக்ஸ்காரரின் கொள்கையே எதையும் மறைக்காமல் எல்லாருக்கும் திறந்து வைப்பதுதான். அதைப் பற்றி மேடையில் பேசிப் பொன்னாடை வாங்கினவன் நான்.

கிளிக், கிளிக் என்றது.

அவர் முன்னுக்குக் குனிந்தார். "சத்தம் கேக்குது தம்பி. வேல செய்யுது போல."

"ஓம் அண்ணன், பாப்பம்," என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தனுஷியா எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். விசயம் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்பிடியாவது எடுத்துக் குடுங்கப்பா, பாவம்," என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்கட மகளா? நல்லா இருக்கணும் மனே," என்றார். முகம் அவருக்கு உண்மையாகவே மறந்துவிட்டது, சேர். அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

இருபது நிமிடத்தில் டிஸ்க் செத்துவிட்டது. அவர் அதைத் திரும்ப வாங்கி, அதே பையில் சுற்றி, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சோறும் கொஞ்சம் ஆறிப்போயிருந்தது.

தனுஷியாவுக்கு மனம் ஆறவில்லை. நான் இல்லாத நேரம் அந்த டிஸ்க்குக்கு வேறு வழி உண்டா என்று தேடப்போய், என் கம்பியூட்டரில் அழகரத்தினம் என்ற பெயரிலேயே இருந்த பிரதியைக் கண்டாள். நாலாவது பகுதியைத் திறக்கவும் அவளுக்குத் தெரியும். வீட்டில் லினக்ஸ் தவிர வேறொன்றும் பாவிக்க நான் விட்டதில்லை. அவளுடைய முதல் படம் எங்கள் வீட்டு ஹோலில் தொங்குகிறது, அதே முகம். அன்றைக்கே பஸ் ஏறி நாவலடிக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வதனி என்னோடு கதைப்பதில்லை.

அந்தப் பிரதியை ஏன் அழிக்கவில்லை என்றுதான் நீங்களும் கேட்கிறீர்கள். அழித்தால் அவருடைய பிள்ளையின் படங்கள் இல்லாமல் போகுமே, சேர். அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை நான்.

கையெழுத்துக்கு முன் ஒரு திருத்தம். டிஸ்க் திறந்த பிறகுதான் எனக்குத் தெரியும் என்பதுபோல் சொல்லிவிட்டேன். அழகரத்தினம் அண்ணன் கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆளைத் தெரியும். சுனாமிக்கு நாலாம் நாள், நாங்கள் தொண்டு செய்த அகதி முகாமில், அறை அறையாகப் போய் ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான். சிந்து, சிந்து என்று. அடிக்கொருதரம் நின்று, திரும்பவும் கூப்பிட்டார். என் மடியில் இருந்த பிள்ளை சட்டென்று தலையைத் திருப்பியது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு பின் வராந்தாவுக்குப் போய், அவர் கேற்றைத் தாண்டும்வரை இரண்டு காதையும் பொத்திப் பிடித்திருந்தேன்.

மார்கழிக் காற்று, சேர். சின்னப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் ஏறிவிடும்.