அடுத்த ஷிப்ட்டு ஆளு

எங்கண்ணா எந்திரிச்சிட்டீங்க? நாளைக்கு வந்து டாக்டரப் பாத்துக்கறீங்களா? உக்காருங்கண்ணா. வேப்பனப்பள்ளி பஸ்சு என்ன கோவிச்சிக்கினு போயிருமா, உங்க மாந்தோப்புதான் எங்கயாச்சும் ஓடிருமா? உங்க சீட்டுல கண்ணுல பிரஷர்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதுக்குப் போயி நாளைக்குங்கறீங்க.

எனக்கில்லீங்க, வீட்டுக்காரிக்கு. சரசம்மா. உள்ள டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ரோஜாத் தோட்டத்துல பூவத் தரம் பிரிக்கற வேல பாத்துட்டிருந்தா. வாசக்கால்ல தோள இடிச்சிக்கினு நிப்பா, பக்கத்துல வர்ற ஆளு தெரியாது. கண்ணு கேம்ப்புல பாத்துட்டு, இதே பிரஷருதான், பார்வ ஓரத்துல இருந்து கொறையுது, இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாங்க.

நான் கூட்டிட்டுப் போனது ஒன்றர வருசம் கழிச்சி.

என்னத்தச் சொல்ல. இருபது வருசமா நைட் ஷிப்ட்டு. கம்பெனில ஒரு நோட்டு இருக்கும். முடியாத வேலய அதுல எழுதி வெச்சிட்டா காலைல வர்றவன் முடிச்சிருவான். வீட்லயும் அதே பழக்கம். அடுத்த லீவுல போலாம், அதுக்கடுத்த லீவுல போலாம்... நல்லாத் தூங்கி எந்திரிச்ச எவனோ ஒருத்தன் வரப்போறான், அவன் பாத்துக்குவான்னு நெனப்பு. வந்ததெல்லாம் நான்தாங்கண்ணா. அதே எரிச்சக் கண்ணு, அதே சலிப்பு. அவளும் கேக்கறதயே விட்டுட்டா.

சிரிக்காதீங்க. இப்ப எதையாச்சும் தள்ளிப்போடத் தோணுனா, நாளைக்கு வரப்போற அந்த ஆள நெனச்சிப் பாக்கறேன். பாவமா இருக்குது. அவன் தலைல ஏன் கட்டணும்னு அன்னன்னிக்கே முடிச்சிர்றேன். அவளுக்குச் சொட்டு மருந்து ஒரு வேள தவறுனதில்ல. நீங்களும் உங்களயே நெனச்சிப் பாருங்க. இன்னிக்கி இருக்கற பார்வ அப்பறம் வர்ற மனுசனுக்கு வேணாமா?

ஆபரேஷனா? மிச்சத்தக் காப்பாத்தலாமாம், அவ்ளோதான். போனது போனதுதாங்கண்ணா. ஆறு மாசம் முன்னாடியே டாக்டரு என்னயத் தனியாக் கூப்ட்டுச் சொல்லிட்டாரு. அவதான், தை பொறந்ததும் ஆபரேஷன், பார்வ திரும்பிரும், மறுபடி பூ பிரிக்க வந்துருவேன்னு சூப்பர்வைசரு ராஜலட்சுமிகிட்ட சொல்லி வெச்சிருக்கா.

இல்லீங்க... அவகிட்ட இன்னும் சொல்லல. தெனமும் நாளைக்குன்னு...

அதோ, செவுத்தத் தடவிக்கினு வர்றா. கொஞ்சம் நகந்துக்கங்கண்ணா.

சரசு, இங்க. கையக் குடு. உக்காரு. ஆபரேஷனப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.