அழிக்கச் சொன்ன டிஸ்க்கை அழிக்காத கிறிஸ்டினா அம்மையாருக்கு முதல் ஷிப்டின் மடல்

மூடிக்கிடந்த கம்ப்யூட்டர் பெட்டிகளை முப்பத்தோரு ஆண்டுகள் திறந்தவரே, மூடிவிடு என்று மிரட்டியவர்களுக்கு முகம் கொடுக்காதவரே, தூசியும் துருவும் தின்ற இயந்திரங்களைத் துடைத்துத் துலங்க வைத்தவரே, எங்கள் சிஸ்டம் மெயின்டனன்ஸ் கிறிஸ்டினா அம்மையார் அவர்களே, வணக்கம்.

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று டிஸ்பாட்ச் சத்யா சொன்னாள். தொடங்கிவிட்டேன். இனி எனக்கு வந்தபடி வரும். எழுத்துப்பிழை மட்டும் அவள் பார்த்திருக்கிறாள்.

மனிதவள மேலாளர் வீரராகவன் சார் இன்று காலை என்னிடம் ஒரு காகிதம் கொடுத்தார். உங்கள் பணி ஓய்வு விழாவுக்குக் கேன்டீனில் இருபது நிமிடம் தருவதாகவும், மூத்தவன் என்பதால் அந்தக் காகிதத்தை நான் படித்தால் போதும் என்றும் சொன்னார். அதில் உங்களைக் ‘கணினி உதவியாளர்’ என்று போட்டிருக்கிறது. இன்முகத்துடன் பணியாற்றினீர்களாம். இந்தக் கம்பெனியின் மெயின் கேட்டில் காவலுக்குப் பத்தொன்பது வருடம் நின்றவன் நான், உங்கள் முகத்தை அத்தனை வருடமும் பார்த்தவன். அது இன்முகம் இல்லை. வேலை முகம். அந்தக் காகிதம் என் சட்டைப்பையில் மடித்தபடி இருக்கிறது. நான் படிப்பது முதல் ஷிப்டு எழுதச் சொன்னது. அடுத்த மாதம் என் கான்ட்ராக்ட் முடிகிறது என்பதும் தெரியும். தெரிந்துதான் படிக்கிறேன்.

திருநின்றவூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தவர் நீங்கள். இரும்பை அடிக்கும் கம்பெனி இது. இங்கே கம்ப்யூட்டருக்குள்ளும் இரும்புத்தூள்தான். மூன்று முறை கூவினால் மெமரி என்பீர்கள். கூவாமல் கறுப்பாக நின்றால் முதலில் கரண்ட் பெட்டியைப் பார்ப்பீர்கள். துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டி, குற்றவாளி எது என்று பிடிபட்ட பிறகே வாயைத் திறப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெமரி அட்டையின் பல்லைத் தேய்த்து மாட்டுவீர்கள், அது உயிர்க்கும். வெளியிலிருந்து வரும் டை கட்டிய ஆளோ பெட்டியைத் திறக்காமலே புதுசு வாங்கச் சொல்லிவிட்டுப் போவான்.

இன்னொரு வழக்கமும் உங்களுக்கு உண்டு. எந்த டிஸ்க்கையும் ஓடவிட்டு, காதில் வைத்துக் கேட்காமல் கழிவுக்குப் போட மாட்டீர்கள். நாங்கள் சிரிப்போம்.

“இன்னா மேடம், போன்ல யாரு?” என்பான் சசிகுமார். டைம் ஆபீஸ் கிளார்க்.

“உங்க சூப்பர்வைசர்தான். தூங்கினு கீறாரு, எழுப்பாத,” என்பீர்கள்.

சிரித்தவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை கிடையாது. ஆபீஸ் ஆட்கள் மேலும் கிடையாது. உங்கள் மேலும் கிடையாது, 2023 ஆகஸ்டு வரைக்கும்.

ஆகஸ்டு 22, செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் எல்லம்மாவின் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. பழவேற்காட்டுப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண். ஏரியில் வலை காலியாக வந்த வருடம் எங்களோடு கான்ட்ராக்டில் சேர்ந்தவள். ஆம்புலன்சுக்கு நான்தான் கேட்டைத் திறந்தேன். மறுநாள் காலை, எங்கள் வருகையைப் பதியும் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாள் வீரராகவன் சார் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

“அந்தம்மா அன்னிக்குக் காலையில கைரேகையே வைக்கலை. சாயங்காலம் எடுத்த லிஸ்ட்ல பேரே இல்லை. பர்மிஷன் இல்லாம உள்ளே வந்திருக்காங்க. இது வேலையில நடந்த விபத்து ஆகாது.”

பார்த்தவர்கள் நாற்பது பேர். அத்தனை பேரும் கான்ட்ராக்ட். வாய் இருந்தும் இல்லாதவர்கள், என்னையும் சேர்த்து. வேலை நேரத்தில் அடிபட்டாள் என்று ஒரே ஒரு வரி ஏட்டில் ஏறினால் எல்லம்மாவுக்கு வைத்தியமும் உண்டு, திரும்பி வர வேலையும் உண்டு. ஏறாவிட்டால் அவள் திருட்டுத்தனமாக நுழைந்தவள். அந்த ஒரு வரிதான் விஷயம். வேறு எதுவும் இல்லை.

டைம் ஆபீஸ் இயந்திரம் உங்கள் பொறுப்பில் இருந்ததில்லை. அதைப் பார்க்க வெளி ஆள் உண்டு. அவன் வந்து, டிஸ்க் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டி முழுவதும் கழிவு என்று உங்கள் மேசைக்கு வந்தது, ‘டிஸ்க்கை உடைத்துவிடவும்’ என்ற சீட்டோடு. மற்றவராக இருந்தால் சுத்தியல் எடுத்திருப்பார். நீங்கள் காதில் வைத்தீர்கள்.

தொடக்கத்தில் ஒரு சொடுக்குச் சத்தம், பிறகு சீராக ஓடியதாம். கம்ப்யூட்டர் எழும்போது முதலில் படிக்கிற இடம் மட்டும் கெட்டிருக்கிறது, மற்றது இருக்கிறது என்றீர்கள். எனக்குப் புரியவில்லை.

“வாசப்படி இடிஞ்சா ஊடே இடிஞ்சிதுன்னு அர்த்தமா நைனா? பின்பக்கமா போவலாம்,” என்றீர்கள்.

அந்த டிஸ்க்கைக் கழற்றி உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினீர்கள். அந்த நேரம் பார்த்து வீரராகவன் சார் அறைக்குள் வந்தார். சாவிக்கொத்தோடு வாசலில் நின்ற நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றதே உங்களை வேவு பார்க்கத்தான், மறைக்க என்ன இருக்கிறது. திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கிறது என வாய்விட்டுப் படித்தீர்கள். ஆமென்று அழுத்தினால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடுமாம்.

“கேக்குதில்ல? பண்ணுங்க,” என்றார் சார்.

கம்ப்யூட்டர் கேட்டது, மேலாளர் சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்கள் ஒரே பதில் சொன்னீர்கள். “நோ.” அதை அழுத்தியும் காட்டினீர்கள்.

பிறகு மூன்று நாள். கெட்ட இடத்தைத் தாண்டித் தாண்டி, அந்த டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் புது டிஸ்க்குக்கு நகல் எடுத்தீர்கள். சூடானால் நின்றுவிடும் என்று மேசை ஃபேனை உங்கள் பக்கம் திருப்பாமல் அதன் பக்கம் திருப்பி வைத்தீர்கள். ஆகஸ்டு வெயிலில், தகரக் கூரை அறையில். அந்த மூன்று நாளும் நீங்கள் கேட்டும் தராமல் நான் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தேன் என்பதை இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன்.

என் கேட் நோட்டு. அஞ்சாம் வகுப்புத் தமிழில், எந்த மெயின் ஸ்விட்சை எத்தனை மணிக்குப் போட்டேன், அணைத்தேன் என்று தினமும் எழுதி வைப்பேன். நாளைக்கு எவனாவது என்னைக் கேள்வி கேட்பான் என்று.

“நோட்டக் குடு நைனா.”

“எதுக்கு? நீயும் ஆபீஸ் ஆளுதான்மா. சண்டை போட்டுட்டு சாயந்தரமா ஒண்ணா உக்காந்து டீ குடிப்பீங்க.”

நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. “நான் டீ குடிக்கிறதில்ல,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்து கேட் அறையில் உட்கார்ந்தீர்கள். எல்லம்மாவின் ரேகை கிடைத்துவிட்டது என்றீர்கள். எந்தத் தேதியில் என்று கேட்டேன். 2010 ஜனவரி ஒன்று என்றீர்கள். அவள் மட்டும் இல்லை, முதல் ஷிப்டு முழுவதும் எட்டு மாதமாகத் தினமும் காலையில் 2010 ஜனவரி ஒன்றாம் தேதிதான் வேலைக்கு வந்திருக்கிறோம்.

டைம் ஆபீஸ் மெயினை ராத்திரி அணைப்பதும் விடியற்காலை போடுவதும் என் வேலை. போட்டதும் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு கூவல் கூவி, ஏதோ இங்கிலீஷில் எழுதிவிட்டு நிற்கும். முதல் நாளே சசிகுமாரைக் கேட்டேன்.

“அது சும்மா கத்தும் நைனா. எஃப் ஒன் பட்டன அமுக்கிட்டுப் போய்க்கினே இரு,” என்றான்.

எட்டு மாதம் அமுக்கினேன். அது என்ன சொன்னது என்று நீங்கள்தான் படித்துச் சொன்னீர்கள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது, எனக்குத் தேதி தெரியவில்லை, சரி செய்துவிட்டுப் போ. தினமும் இதைத்தான் கெஞ்சியிருக்கிறது. நான் தினமும் அதன் வாயை அடைத்திருக்கிறேன். மெயின் நின்றால் அதன் கடிகாரம் செத்துவிடும். மெயினைப் போட்டால் 2010 ஜனவரி ஒன்று, பன்னிரண்டு மணியிலிருந்து ஓட ஆரம்பிக்கும். ஒன்பது மணிக்குச் சசிகுமார் வந்து தேதியைச் சரி செய்வான். அதற்கு முன் ஆறு மணிக்கு உள்ளே வந்த எங்களைப் பற்றி எவனும் யோசிக்கவில்லை. நிரந்தர ஆட்களுக்குக் கையால் எழுதிச் சேர்த்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களின் கணக்கு கான்ட்ராக்டரிடம் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

“அப்போ எல்லம்மா பேரு விட்டுப்போனது என் வெரலாலயாம்மா?” என்று கேட்டேன்.

“இங்கிலீஸ் படிக்கத் தெரியாத ஆளாண்ட படிக்கிற வேலையக் குடுத்துட்டு, படிக்காத அமுக்குன்னு சொன்னவன் இருக்கான். அவன வுட்டுட்டு உன்ன எதுக்கு நைனா புடிக்கணும்?” என்றீர்கள். பையிலிருந்து அந்த வட்ட பேட்டரியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். “வெச்சிக்க. உன் கூட்டாளி. எட்டு மாசம் உன்கூடப் பேசினு இருந்துச்சு.”

நோட்டைக் கொடுத்துவிட்டேன். அதில் 22ஆம் தேதிக்கு நேராக ‘டைம் ஆபீஸ் மெயின் 5.40’ என்று என் கோணல் எழுத்தில் இருந்தது. டிஸ்க்கில் எல்லம்மாவின் ரேகை பன்னிரண்டு மணி பதினாலு நிமிடம். ஐந்து நாற்பதோடு பதினாலைக் கூட்டினால் ஐந்து ஐம்பத்து நாலு. ரேகைகள் வந்த வரிசையிலேயே பதியும், அன்றைய முதல் ஷிப்டு வரிசைக்கு அடுத்தாற்போல் 22ஆம் தேதி என்று போட்டு ஒன்பது மணிக்கு வந்த ஆபீஸ்காரர்களின் ரேகைகள் இருந்தன. அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா?

வேண்டும் என்றார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் வந்து உட்கார்ந்த அன்று டிஸ்க்கும் நோட்டும் மேசையில் இருந்தன. எல்லம்மா கட்டுப் போட்ட கையோடு நின்றாள். வீரராகவன் சார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், நான் தப்பாகச் சொன்னால் எழுந்து சொல்லலாம். அவர் சொன்னார், “இதை யார் வேணா அப்புறமா உள்ளே சேர்த்திருக்கலாம் சார்.”

நீங்கள் பதில் சொல்ல வாயெடுத்தீர்கள். அதற்குள் எல்லம்மா கையைத் தூக்கிவிட்டாள்.

“நான் மெஷின்ல வெக்கிறது ஆட்காட்டி வெரலு சார். அப்பால சேக்கறதுக்கு அது எங்க கீது? நீங்க வெச்சினு இருந்தா குடுங்க, இன்னொரு தபா வெச்சிக் காட்றேன்.”

ஆய்வாளர் பேனாவைத் திறந்து அந்த ஒரு வரியை எழுதினார். வேலை நேரத்தில் அடிபட்டாள். எல்லம்மா இன்று பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள், நம்மோடு இந்தக் கேன்டீனில் நிற்கிறாள்.

அடுத்த வாரம் உங்கள் மேசை பழைய சாமான் கொட்டகைக்குப் போனது. கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். இரண்டு வருடம் உடைந்த மோட்டாருக்கும் கிழிந்த பெல்ட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தீர்கள். ஒருவரிடமும் போய் நிற்கவில்லை. கழிவில் கிடந்த ஐந்து பெட்டிகளைப் பிரித்து மூன்றாகக் கட்டினீர்கள். டிஸ்பாட்ச் இன்று ஓடுவது அந்த மூன்றில்தான். தண்டனை என்று எங்கே அனுப்பினார்களோ அங்கிருந்தே கம்பெனியை ஓட்டியவரே, கொட்டகையில் உட்கார்ந்தும் குனியாதவரே, உதவியாளர் என்று எழுதியவர்களுக்கெல்லாம் உதவி செய்தவரே, நாங்கள் உங்களுக்குக் கொடுக்கும் பதவி வேறு. எங்களை 2010இலிருந்து மீட்டு வந்தவர் நீங்கள்.

அன்றிலிருந்து முதல் ஷிப்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்த இயந்திரம் கத்தினாலும், படிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விரல். நீங்கள் போன பிறகும் அது நிற்காது. நிறுத்தச் சொல்லிப் பார்க்கட்டும்.

இன்று காலை உங்களிடம், பழைய டிஸ்க், நகல் எதுவும் கையில் இருந்தால் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். சாருக்கு நானே சொல்கிறேன். டிஸ்க் ஆய்வாளர் அலுவலகத்தில் முத்திரை போட்டு இருக்கிறது. நகலும் அங்கேதான். என் நோட்டும் அங்கேதான். கம்பெனிப் பொருளில் எங்களிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, அந்தச் செத்த பேட்டரி. அதைத் திருப்பித் தருவதாக இல்லை. இந்த மடலுக்குப் போட்ட சட்டத்தில், கண்ணாடிக்கு உள்ளே, வலது மேல்மூலையில் ஒட்டியிருக்கிறோம். வட்டமாக, வெள்ளியாக, பதக்கம் மாதிரி இருக்கிறது. கம்பெனி தராத பதக்கம்.

அம்மையாரே, திருநின்றவூர் வீட்டில் இதை மாட்டுங்கள். வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். உங்கள் கண் மங்காமல், காது மந்தமாகாமல், முழங்கால் முடங்காமல், ரயில் பிடிக்கிற அவசரம் இல்லாமல், இன்னும் முப்பத்தோரு வருடம் நீங்கள் நினைத்த நேரத்தில் எழுந்து, பிடிக்காததற்கு ‘நோ’ சொல்லி வாழ வேண்டும். எல்லம்மா தன் வலது கையால் இதை உங்களிடம் தருவாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முதல் ஷிப்டு, நிரந்தரமும் கான்ட்ராக்டும், நாற்பத்து மூன்று பேர் கையெழுத்து.
எல்லம்மா, பேக்கிங் பிரிவு, வலது கைப் பெருவிரல் ரேகை.
எழுதிப் படித்தவர்: ரங்கசாமி, மெயின் கேட்.

தேதி: 31 அக்டோபர் 2025, வெள்ளிக்கிழமை. இந்தத் தேதி, மூன்று பேர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு எழுதியது.