பாய்க்குச் சவரம்

— ஐயையோ, நிறுத்துங்க பாயம்மா! தீட்டுற தோல்வாரு கிழியப் போவுது. கத்தியோட வாய முன்னால தள்ளலாமா?

— நீங்கதானே அழகிரியண்ணே முன்னால தள்ளச் சொன்னீங்க?

— முதுகத் தள்ளச் சொன்னேன். கத்திக்கு முதுகு முன்ன போகணும், வாய் பின்னாலயே வரணும். தோல்வார் மேல படுத்தமேனிக்குப் போகட்டும். கடைசிக்கு வந்ததும் முதுகு மேலயே பொரட்டி இந்தப் பக்கம் இழுங்க. ஆங், அப்படித்தான். அழுத்தாதீங்க, கவனிங்க, அழுத்துனா வாய் மழுங்கிரும்.

— எத்தனை தரம் இழுக்கணும்?

— முப்பது. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால. முடிய வெட்டாம வெடுக்குன்னு இழுக்குதுன்னு தெரிஞ்சா மட்டும் கல்லுல தீட்டுங்க. முடிஞ்சதும் ஈரம் போகத் தொடச்சு ஒரு சொட்டு தேங்காண்ண. இவ்வளவுதான் இதுக்குப் பண்ற சீராட்டு. பலூன் பழகுனீங்களா?

— பழகுனேன். சோப்பு நொரைய பூசிப்பூசி வழிச்சேன். ஏழு வெடிச்சுது. எட்டாவது பொழச்சுது.

— அட, தேறிட்டீங்களே! எங்க அப்பன்கிட்ட நான் பதினஞ்சு வெடிச்சு ஒதை வாங்கினவன்.

— வெடிக்கிறப்பல்லாம் உள்ள படுத்திருக்கிறவுகளுக்குத் தூக்கிப் போடுமேன்னு மொட்டமாடிக்குப் போய்ட்டேன். பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா எட்டிப் பாத்து, "ஷரீபாவுக்கு என்னமோ ஆயிருச்சு"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டா.

— சொல்லட்டும் விடுங்க. நானும்தான் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு முட்டி போயிருச்சு, ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸப் புடிச்சு வந்து பாலக்கரையில இந்த மாடிப்படி ஏற முடியல. சரி. ஆனா பேட்டரி மெசினு ஒண்ணு வாங்கிப் போட்டா நீங்களே ஓட்டிரலாமே? இந்தக் கத்தியோட எதுக்கு மல்லுக்கட்டுறீங்க?

— மகன் ஹாலித்து அனுப்பிவிட்டானே, துபாய்லேர்ந்து. அது கொர்ருன்னதுமே அவுகளுக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. இந்தக் கத்தி அவுக குவைத்துல வாங்குனது. இதுன்னா பயமில்ல.

— அதென்னவோ வாஸ்தவம். என்கிட்ட பாய் பச்சப்புள்ளயாட்டம் இருப்பாரு.

— உங்ககிட்ட இருப்பாக.

— என்னம்மா, கொரலு ஒரு மாதிரி போவுது?

— ஒண்ணுமில்ல. அவுக ஒக்காந்திருக்குற நாற்காலிய வெளிச்சத்துக்கு இழுங்க. ஏங்க, தலைய நேரா வச்சுக்கிறீங்களா? நான்தான் ஷரீபா. இன்னைக்கு நான்தான் வழிக்கப் போறேன்.

— பாய்க்குப் பேச்சுதான் புரியாதும்மா, வாதம் அடிச்ச நாள்லேர்ந்து. தொட்டாத்தான் புரியும். மொதல்ல வெந்நித் துணி. நல்லா ஒத்தடம் குடுங்க.

— அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்.

— சொல்லுங்க.

— சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் வண்டி வருது. மணப்பாறை ரோட்டுல முடியாதவுகளப் பாத்துக்கிற ஹோம் ஒண்ணு இருக்காம். ஹாலித்து போன்லயே பேசி முடிச்சுட்டான். நானும் சரின்னுட்டேன்.

— இன்னைக்கா? அட ராமா! அப்ப இந்தத் தோலு, கல்லு, பலூனு எல்லாம் எதுக்கும்மா?

— ஒரு தரம் பாத்துரலாம்னுதான். என் கைக்கு அவுக மொகத்தக் குடுத்தாகன்னா வண்டியத் திருப்பி அனுப்பிருவேன். குடுக்கலேன்னா போகட்டும். பிடிக்காதவ கையில எதுக்குக் கெடந்து அவதிப்படணும்?

— பிடிக்கலேன்னு யாரு சொன்னா?

— வாயால சொல்லணுமாண்ணே? கட்டிலு செவுத்து ஓரமா கெடக்கு. நான் எப்பவும் அவுகளுக்கு வலது பக்கந்தான் ஒக்காருவேன். கஞ்சி குடுத்து, வாயத் தொடச்சு, கன்னத்துல கை வச்சா போதும், மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாக. மொத ஒரு மாசம் சும்மா இருந்தாக, அப்புறம் தெனம் மூணு வேளையும் இப்படித்தான். போன மாசத்துலேர்ந்து நான் தொடுறதையே விட்டுட்டேன். கரண்டிய நீட்டுறதோட சரி.

— அடடா.

— இருபத்தாறு வருஷம் குவைத்து. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ரெண்டு மாசம் லீவு. கூட்டிப் பாத்தா ரெண்டே கால் வருஷம்கூட நான் குடும்பம் நடத்தல. சரி, வந்துட்டாக, இனிமே இருப்பாகன்னு நெனைச்சேன். வந்த வருஷமே இப்படி. ஒரே வீட்டுல ரெண்டு பேரு, ஆனா நான் ஒருத்தியாத்தான் இருக்கேன். நேத்து கொழா தண்ணிகிட்டப் பேசிக்கிட்டு நின்னேன், தெரியுமா? ஷரபுன்னிசா சொன்னது பொய்யில்ல.

— எனக்குத் தெரியாதா அது? என் வீட்டுக்காரி பவுனம்மா போனப்புறம் நான் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கிட்டுத் திரியிறவன். அழுவாதீங்க. கண்ணுல தண்ணிய வச்சுக்கிட்டு கத்தியத் தொடக்கூடாது. தொடச்சுக்கிட்டு வாங்க.

— தொடச்சுட்டேன்.

— நொரையப் போடுங்க. தாராளமா. இப்ப இடது கைய காதுகிட்ட குடுத்துத் தோல மேல இழுத்துப் புடிங்க. கத்திய ரொம்பச் சாய்க்காதீங்க, தோலுக்கும் முதுகுக்கும் நடுவுல சுண்டுவிரலு நொழையணும். ம், எறக்குங்க.

— பிஸ்மில்லாஹ்.

— சத்தம் கேக்குதா? சரக், சரக்குன்னு. அந்தச் சத்தம் வந்தா கத்தி சரியாப் போவுதுன்னு அர்த்தம். கழுத்துல மட்டும் பாத்து. பாய்க்கு அங்க முடி மேலேர்ந்து கீழ வராது, குறுக்கால படுத்திருக்கும்.

— உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கட்டுனவ எனக்குத் தெரியல.

— நீங்க எங்க பாத்தீங்க? நான் வந்தாலே சலாம் சொல்லிட்டு அடுப்படிக்குப் போயி கதவச் சாத்திக்குவீங்க. டீ மட்டும் கதவிடுக்குல வரும்.

— அந்நிய ஆம்பள முன்னால எப்படிண்ணே நிக்கிறது? இந்த நாலு நாளாத்தான் வேற வழியில்லாம நிக்கிறேன்.

— தப்புச் சொல்லல. தாடைக்குக் கீழ ஒரு இழுப்பு. போதும். எடுங்க. பாருங்க பாயம்மா, ஒரு கீறல் இல்ல!

— யா அல்லாஹ், ஆடவே இல்லண்ணே! மூச்சுக்கூட மெதுவா விட்டாக. ஏங்க, நல்லாருக்கா? இந்தக் கன்னம் பாருங்க, நிக்காஹ் அன்னைக்கு இருந்த மாதிரி வழவழன்னு... பாத்தீங்களா? பாத்தீங்களாண்ணே? கைய வச்சேன், திரும்பிட்டாக. இதத்தான் சொன்னேன். இந்தாங்க கத்தி, மீதிய நீங்களே முடிச்சு விடுங்க. நான் போயி அவுக துணிமணிய மடிச்சு வைக்கிறேன்.

— பொறுங்க. ஆத்திரப்படாதீங்க. எந்தக் கன்னம் முடிச்சீங்க?

— வலது.

— முடிச்சிட்டு என்ன செஞ்சீங்க?

— உள்ளங்கைய வச்சேன். அதுகூடவா குத்தம்?

— அட கடவுளே. இது நான் பழக்குன பழக்கமும்மா.

— என்ன பழக்கம்?

— சொன்னா வெளங்காத மனுசன்கிட்ட நான் எப்படிச் சவரம் பண்ணுவேன்? எந்தக் கன்னம் முடிஞ்சாலும் அதுல உள்ளங்கைய வைப்பேன், மறுபக்கம் திரும்பணும்னு அர்த்தம். மொத மாசம் நானே தலையத் திருப்பிவிட்டேன். அப்புறம் அவரே திரும்பிக்கிட்டாரு. வாரம் ரெண்டு தரம், எட்டு மாசமா. என் கைக்கு அது வேலை, அதனால எனக்கே தோணல, சொல்லாம விட்டுட்டேன். இதோ பாருங்க, அவரு உங்களுக்கு மூஞ்சியத் திருப்பல. இந்தப் பக்கம் முடிஞ்சுது, அந்தப் பக்கம் எடுத்துக்கன்னு குடுக்குறாரு.

— தெனம் மூணு வேளையுமா?

— நீங்க கை வச்சப்பல்லாம்.

— அப்ப நான்... ரப்பே, நான்தான் தொடாம விட்டுட்டேனா?

— நம்பலேன்னா இடது கன்னத்துல வச்சுப் பாருங்க. எட்டி, அந்தப் பக்கமா.

— பயமா இருக்குண்ணே.

— கத்தியப் புடிச்சவங்களுக்கு என்ன பயம்? வைங்க.

— வச்சுட்டேன். ஏங்க... திரும்புறாகண்ணே. என் பக்கம் திரும்புறாக! என்னையப் பாக்குறாக. அண்ணே, நீங்க எதுக்கு அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறீங்க? அந்த போன எடுங்க, வண்டிக்காரன் கெளம்பிறப் போறான். என் கை அவுக கன்னத்துல இருக்கு, எடுக்க மாட்டேன்!