மாப்பிள்ளைக்கு கவர்மெண்ட் வேலை

இல்ல ஆன்ட்டி, கூச்சத்துல இல்ல. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேனோன்னுதான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா கீழ்க்கடையில கரிபாப் பலகாரம் வாங்கிட்டு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். எங்க மாடியில லிஃப்ட் நிக்காது, படியேறித்தான் வரணும்.

உங்க மகன் எட்மண்ட எனக்குத் தெரியும். கோயில்ல பார்த்தது மட்டும் இல்ல, ஆபீஸ்லயும். அவர் சொல்லலையா? ஆஸ்பத்திரி ரெக்கார்ட எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை எனக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, யாரோ டெலிபோன் லைன் வழியா உள்ள நுழைஞ்சிட்டாங்கன்னு ஒரே ரகளை. உங்க மகன்தான். நுழைஞ்சது என் பாஸ்வேர்ட வெச்சு.

ஐயோ, நான் குடுக்கல லா! யாராவது லீவு போட்டா அடுத்தவங்க அந்த வேலையப் பார்க்கணும்னு, சூப்பர்வைசர் செல்லக்கண்ணுதான் எல்லாரையும் பாஸ்வேர்ட எழுதி டெர்மினல்ல ஒட்டச் சொன்னார். பாலிடெக்னிக் ஸ்டூடண்ட்ஸ் ஆபீஸ சுத்திப் பார்க்க வந்தப்ப, இவர் அதப் படிச்சிட்டுப் போயிட்டார்.

மூணு நாள் என்னைய விசாரிச்சாங்க. அவன் உனக்கு யாரு, எத்தனை நாள் பழக்கம்னு. உங்க மகன மொத நாள் போலீஸ் கார்ல கூட்டிட்டு வந்தாங்க. நாலாம் நாள் அதே ஆபீசருங்க அவருக்குக் காப்பி கலக்கிக் குடுத்து, எப்படி நுழைஞ்சே, எங்களுக்கும் சொல்லுன்னு சுத்தி உட்கார்ந்திருந்தாங்க. படிப்பு முடிஞ்சதும் அவருக்கு அங்கயே வேலை, ஏர்கான் ரூம், பேரு போட்ட கதவு. என்னைய கவுண்டருக்குத் தள்ளிட்டாங்க. போன மாசம் எங்களுக்கு கிளாஸ் எடுத்ததே அவர்தான். பாஸ்வேர்ட பத்திரமா வெச்சுக்கணுமாம். சொல்லிட்டு என்னையப் பார்த்துச் சிரிச்சார்.

சின்ன வயசு, விளையாட்டுப் புத்தின்னு சொல்றீங்க. சரி. இப்ப ஆபீஸ் விஷயம் ஒரு வார்த்தை வீட்ல பேச மாட்டார், ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார்னு சொல்றீங்க. அதையும்கூட நம்பியிருப்பேன்.

ஆனா உள்ள வந்ததும், சுவத்துல இருக்கிற அக்கா போட்டோவப் பார்த்தீங்களே. அற்புதமேரிக்கு இப்ப குணமாயிடுச்சா, நாங்க அதையெல்லாம் பெரிசா நினைக்க மாட்டோம்னு அம்மா கையப் புடிச்சுச் சொன்னீங்களே. நல்ல மனசுதான் ஆன்ட்டி. அதுக்கப்புறம்தான் அம்மா, வீட்ல பிஸ்கட் இருக்கையிலயே, கரிபாப் வாங்க ஓடினாங்க.

அக்கா பினாங்ல டீச்சர் வேலை பாக்குறான்னுதான் ஃபாதர்லேர்ந்து பக்கத்து வீடு வரைக்கும் சொல்லி வெச்சிருக்கோம். அவ மனநல வார்டுல இருக்கிறது எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்ல மட்டும் ஒரு வரி இருக்கு.

அத டைப் பண்ணினது நான்.

டீ ஆறுது ஆன்ட்டி. குடிச்சிட்டு, நீங்க கொண்டு வந்த பழத்தட்டையும் திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க.