கடைசிக் கட்டத்தில் பிழைப்பது எப்படி

சுடுவதெல்லாம் அந்த வீடியோ கேமில் இரண்டாம் பட்சம் சார். பிழைத்திருப்பதுதான் ஆட்டம். புதிதாக வருகிறவர்கள் பட்டனைப் போட்டுக் குத்துவார்கள், ஓரத்தில் போய் ஒண்டிக்கொள்வார்கள், போனஸ் கப்பல் வந்தால் அதைத் துரத்திக்கொண்டு போய்ச் சாவார்கள். நடுவில் நில், மெல்ல நகர், எதிரியைப் பார்க்காதே, குண்டு விழும் இடத்தைப் பார். நோயலுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஷோபாவின் காபிக்கடைப் பின்னறையில் அந்தப் பழைய கேம் மெஷின் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதிக ஸ்கோர் எடுத்தவர் பெயர் அதில் இருக்கும். பல வருஷமாகச் 'சந்திரன்' என்றுதான் இருந்தது. பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் இடத்தில் எல்லோருக்கும் நான் 'ஆபரேட்டர்'தான். என் பெயரை நான் பார்த்தது அந்தப் பலகையில் மட்டும்தான்.

நோயல் நல்ல பையன். சர்ச்சில் பாடுவான், என்னை அண்ணா என்பான். ஒருநாள் காபி குடிக்கும்போது தானாகவே சொன்னான்.

"எனக்கு ஃபிட்ஸ் இருக்குண்ணா. லைட் பளிச்சு பளிச்சுன்னு அடிச்சா வந்துடும். ஷோபாக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஆடவே விடமாட்டாங்க."

அதனால்தான் ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு, தள்ளி நின்று ஆடுவான். கடைசிக் கட்டத்தில் தாய்க்கப்பல் வந்து திரை முழுக்க மின்னும்போது, ஃபிட்ஸ் வராமலிருக்க ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வான். அப்போது சுட முடியாது, விலகத்தான் முடியும். கொஞ்ச நேரத்தில் அவுட் ஆகிவிடுவான்.

அப்படி ஒரு கண்ணும் ஒரு கையுமாக ஆடித்தான் என் ஸ்கோரைத் தாண்டினான். ஷோபா ஈரத்துணியால் என் பெயரைத் துடைத்தாள்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கண்ணா, யானைக்கும் அடி சறுக்கும்ல" என்றாள்.

நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. ஸ்டேட்மென்ட்டில் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள் சார். சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு மரியாதை உண்டல்லவா, அது போனதில்தான் வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நோயல் வந்தான். ஷோபா முன்பக்கம் கூட்டத்தோடு இருந்தாள். தள்ளி நின்றால் குண்டு சரியாகத் தெரியாது, ட்யூப்லைட் கண்ணாடியில் அடிக்கிறது, அணைத்துவிட்டுக் கிட்டே உட்கார், கடைசிக் கட்டத்துக்கு இரண்டு கையும் வேண்டும், இரண்டு கண்ணும் வேண்டும் என்றேன்.

"மின்னுமேண்ணா."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"அப்புறம் என்ன? நான் பக்கத்துலதானே இருக்கேன்."

அந்த வார்த்தையை நம்பினான். லைட்டை நானே அணைத்தேன். வெளியே கேட்கும் சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று கதவையும் சாத்தினேன். பிரமாதமாக ஆடினான், பொய் சொல்லக்கூடாது. தாய்க்கப்பல் மின்ன ஆரம்பித்தது. அவன் கை இழுத்தது. ஸ்டூலோடு சரிந்தான், தலை சிமென்ட் தரையில் மோதியது. இப்படித்தான் ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

உடனே ஆளைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் திரையில் அவனுடைய கப்பல் ஒன்று பாக்கி இருந்தது. அவ்வளவு தூரம் அந்தக் கடையில் யாரும் போனதில்லை. அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. அவனைத் தாண்டிப் போய் நின்று ஆட்டத்தை முடித்தேன். அவன் கால் கொஞ்ச நேரம் மெஷினை உதைத்துக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

கதவைத் திறப்பதற்கு முன் பலகையைத் துடைத்துப் புதிதாக எழுதினேன். அவன் உழைப்பை நான் மறைக்கவில்லை சார். இரண்டு பேர் பெயரையும்தான் எழுதினேன். வயதில் மூத்தவன் என்பதால் என்னுடையதை மேலே போட்டேன்.